புது ரைஃபிள் வாங்குமுன் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வாங்கிய பிறகு, எங்கள் வேலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் துப்பாக்கி சுடுதலில் ஆசை வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் 'மார்க் ஏறவில்லை' என்றதும் நகையை அடகு வைத்து வெளிநாட்டு ரைஃபிளுக்கு அலையும் பெற்றோரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

காட்பாடியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் சுடும் பாயிண்ட் 22 ரைஃபிளை அண்மையில் பார்த்தேன். மரக்கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் பதியும் மர உடல், போட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு குரூப்பிங், அதாவது குண்டுகள் இலக்கில் நெருங்கி விழுவது, சிதறிவிட்டது. பயிற்சி தந்தவர் 'புதுசு வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டாராம். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டு இழுத்தேன், பாதியில் சிக்கிக்கொண்டது. ஈரத்தில் ஊதிய மரம் குழலை ஒரு பக்கமாக நெட்டிக்கொண்டிருந்தது. அடுத்து, கட்டையும் குழலும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு முன் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். இரும்பு துள்ளி எழுந்தது விரலில் தெரிந்தது. அதாவது, ஸ்க்ரூவை முடுக்கும்போதெல்லாம், தோட்டாவை ஏற்றிச் சுடும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷன் வளைந்துதான் உட்கார்ந்திருக்கிறது.

சுடும்போது குழல் அதிரும். அது தவறில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர வேண்டும், அவ்வளவுதான். இரும்பு கட்டையில் ஒரே மாதிரி உட்கார்ந்தால்தான் அது நடக்கும். 50 மீட்டர் இலக்கில் பத்து மார்க் வட்டத்தின் அகலமே 10.4 மில்லிமீட்டர். மயிரிழை பிசகினாலும் ஒன்பதுதான். குழல் தொடும் இடத்தைத் தேய்த்து இடைவெளி விட்டோம். ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தில் எபாக்ஸி பசை நிரப்பி, இரும்பில் ஒட்டாமலிருக்க மெழுகு தடவி வைத்து, நன்றாக இறுகிய பிறகு எடுத்தோம். ராணுவத்தில் பழைய பாயிண்ட் 303 ரைஃபிள் காலத்திலிருந்தே கட்டை பொருத்துவது தனி வேலை. அந்தப் பெண்ணின் குரூப்பிங் மறுபடி ஒடுங்கிவிட்டது.

அடுத்தது தோட்டா. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் போட்டியாளர்களும் சுட்ட பித்தளைக் கூட்டைத் திரும்ப எடுத்து, வெடிமருந்தை கிரெயின் என்ற சிறு எடைக் கணக்கில் நிறுத்துப் போட்டு, தங்கள் குழலுக்கு ஒத்த தோட்டாவைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதை இங்கே வீடியோ பார்த்துவிட்டு யாரும் தொடக்கூடாது. உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டம், 1959-இன்படி குற்றம்; உயிருக்கும் ஆபத்து. பாயிண்ட் 22 தோட்டாவுக்குத் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பிலேயே இருப்பதால், அதைத் திரும்ப நிரப்பும் பேச்சும் இல்லை. நாம் செய்யக்கூடியது லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, பார்ப்பது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறமாக இருந்தாலும், லாட் எண் மாறினால் குரூப்பிங் மாறும். ரைஃபிளை ஸ்டாண்டில் இறுக்கி ஒவ்வொரு லாட்டிலும் பத்து சுட்டுப் பார்த்து, எது ஒடுங்குகிறதோ அந்த லாட்டையே சீசன் முழுவதற்கும் வாங்கி வைக்க வேண்டும். ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டான பெல்லட்டுக்கும் இதே கதைதான்; 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று தலை அளவு பார்த்து வாங்கலாம்.

ஒரு குடும்பம் தனியாக இதைச் செய்ய முடியாது. சுடுதல் சங்கங்கள் மொத்தமாக வாங்குமுன் லாட் சோதனை செய்ய வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் எல்லா மரக்கட்டைகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ முடுக்கக் கைக்கணக்கு வேண்டாம், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். இதற்கு ஆள் இல்லை என்று சொல்லவே முடியாது. எங்கள் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றுதான் ஊரே சொல்கிறது. தெருவுக்குத் தெரு முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறோம். ஒரு மேஜையும் வைஸும் போட்டுக் கொடுத்தால் மாதம் ஒருநாள் நானே வந்து பார்த்துத் தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.