கணக்குக் கேட்டால் கை காட்டுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊரில் உள்ளூராட்சித் தேர்தல் என்றால் எந்தப் பிரதேச சபை யார் கைக்குப் போனது என்று லண்டனில் இருந்துகொண்டே விரல்விட்டுச் சொல்லக்கூடிய ஆட்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் மாதாமாதம் கவுன்சில் டாக்ஸ் என்கிற உள்ளூராட்சி வரியைக் கட்டுகிற இடத்தில் நமது வார்டின் கவுன்சிலர் யார் என்று கேட்டால் பலருக்கு முழி பிதுங்கும். இங்கிலாந்தில் வயோதிபர்களையும் இயலாதவர்களையும் பராமரிக்கும் பொறுப்பு அந்தக் கவுன்சிலிடம்தான் இருக்கிறது. அதற்கான காசு எங்கிருந்து வருகிறது, அதை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முன்பு நாளுக்கு நான்கு தடவை பராமரிப்பாளர் வந்து போனார், ஒரு மறுமதிப்பீடு செய்தார்கள், இப்போது இரண்டு தடவைதான். வருகிற பிள்ளை கேரளத்துக்காரி, தங்கமான பிள்ளை. கோட்டைக் கழற்றாமலே கையுறையைப் போட்டுக்கொண்டு, குளிசைப் பெட்டியில் அன்றைய அறை காலியா என்று பார்த்து, கஞ்சியை மைக்ரோவேவில் வைத்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அது ஆறுவதற்குள் போனில் வேலை முடிந்தது என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறாள். அம்மா சாப்பிட்டாரா என்று பார்க்க அவளுக்கு நேரம் கொடுப்பதில்லை.

கவுன்சிலைக் கேட்டால் அரசாங்கம் தருகிற நிதி போதவில்லை என்கிறது. எம்.பி. அலுவலகம், அது கவுன்சிலின் பொறுப்பு என்கிறது. சி.கியூ.சி. என்கிற பராமரிப்புத் தர ஆணைக்குழு, தகவலைக் குறித்துக்கொள்கிறோம், ஆனால் தனிநபர் முறைப்பாட்டைத் தீர்த்து வைப்பது எங்கள் வேலை இல்லை என்கிறது. ஒம்புட்ஸ்மன் என்கிற முறைப்பாட்டு விசாரணை அதிகாரியிடம் போனால், முதலில் கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறையை முடித்துக்கொண்டு வாருங்கள் என்று பதில். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் ஒருவரும் பொய் சொல்லவில்லை. சட்டப்படி எல்லாரும் சரி. அம்மாவின் கஞ்சி மட்டும் ஆறிக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி? 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், தேவை உள்ளவரை மதிப்பிட்டு உதவ வேண்டிய கடமையைக் கவுன்சிலின் தலையில் வைத்தது. கடமையை வைத்தவர்கள் காசை வைத்தார்களா? 2010 இல் இருந்து பத்து ஆண்டுகளில் மத்திய அரசு கவுன்சில்களுக்குக் கொடுத்த நிதி, விலைவாசியைக் கணக்கில் எடுத்தால், பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. சொன்னது நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம். பிறகு 2016 இல் ஒரு கெட்டித்தனமான ஏற்பாடு வந்தது: பராமரிப்புக்கென்று கவுன்சில் டாக்ஸில் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள், வயது வந்தோர் பராமரிப்பு என்று ஒரு வரி தனியாக இருக்கும். வசதியான வீடுகள் நிறைந்த இடத்தில் 2 வீதம் கூட்டினால் நல்ல தொகை வரும், ஏழைகளும் நோயாளிகளும் கூடுதலாக இருக்கிற இடத்தில் அதே 2 வீதம் சில்லறைதான். தேவை எங்கே கூடவோ அங்கே காசு குறைவு. இதைத் தெரிந்துகொண்டேதான் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். வரியைக் கூட்டிய கெட்ட பெயர் கவுன்சிலுக்கு, கொடுப்பனவைக் குறைத்த மந்திரிக்கு ஒரு பெயரும் இல்லை.

சரி, வாக்குறுதிகளுக்காவது ஒரு கணக்கு இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்குக் கட்டக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று 2011 இல் டில்னொட் ஆணைக்குழு சொன்னது. 2016 இல் 72,000 பவுண் வரம்பு வரும் என்றார்கள், 2020 க்குத் தள்ளினார்கள், பிறகு கைவிட்டார்கள். 2021 இல் பொரிஸ் ஜோன்சன் 86,000 பவுண் என்று அறிவித்தார், 2023 ஒக்டோபரில் வரவேண்டியது, 2025 ஒக்டோபருக்குப் போனது. 2024 ஜூலையில் ரேச்சல் ரீவ்ஸ் நிதியமைச்சராக வந்து சில வாரங்களிலேயே அதையும் தூக்கிப் போட்டார். இரண்டு பெரிய கட்சிகளும் இதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. இப்போது லூயிஸ் கேசி தலைமையில் இன்னொரு ஆணைக்குழு, அதன் இறுதி அறிக்கைக்குக் குறித்திருக்கிற ஆண்டு 2028. இதற்கிடையில், உங்களிடம் 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது என்கிற வரம்பு 2010 இல் இருந்து அசையவே இல்லை. பாணின் விலை எத்தனை தடவை ஏறிவிட்டது!

(இதில் ஒன்றை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும். பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தால் வீட்டையும் சொத்தாகக் கணக்கெடுப்பார்கள் என்று பயந்து மகன் பெயருக்கு எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டுமென்றே சொத்தைக் கைமாற்றியது என்று கவுன்சில் முடிவு செய்தால் வீடு இன்னும் உங்களுடையதாகவே கணக்கில் வரும். துணைவர் அந்த வீட்டிலேயே தொடர்ந்து இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். யாரோ சொன்னார்கள் என்று எழுதிக் கொடுக்காமல் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள்.)

அப்புறம் உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் இந்த 114 ஆம் பிரிவு. கவுன்சிலின் நிதி அதிகாரி, இனி வரவு செலவைச் சமப்படுத்த முடியாது என்று அறிவித்தல் விடுத்தால், சட்டம் கட்டாயப்படுத்துகிற செலவைத் தவிர புதுச் செலவு எல்லாம் நின்றுவிடும். நம்மவர்கள் நிறைய இருக்கிற குரொய்டனில் 2020 நவம்பரில் முதல் அறிவித்தல் வந்தது, அதன் பிறகு இன்னும் இரண்டு. 2023 இல் அங்கே கவுன்சில் டாக்ஸ் கிட்டத்தட்ட 15 வீதம் கூடியது. வழமையாக 5 வீதத்தைத் தொட்டாலே மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போகவேண்டும், ஆனால் அரசாங்கம் விசேட அனுமதி கொடுத்துவிட்டது. பேர்மிங்ஹாமில் 2023 செப்டெம்பரில் அறிவித்தல், அடுத்த வருடம் 9.99 வீதம், அதற்கடுத்த வருடம் 7.49 வீதம். வோக்கிங் என்ற சின்ன நகரம் கடன் வாங்கி ஹோட்டலும் அடுக்குமாடிகளும் கட்டி, வருடத்துக்கு ஏறக்குறைய 16 மில்லியன் பவுண் அடிப்படை வருமானத்தை வைத்துக்கொண்டு 1.2 பில்லியன் பவுண் பற்றாக்குறையில் போய் நின்றது. அந்தக் கடனை அள்ளிக் கொடுத்தது மத்திய அரசின் சொந்தக் கடன் அமைப்புத்தான். கொடுத்தவர்களிடம் யாராவது விளக்கம் கேட்டார்களா?

2025-26 நிதியாண்டுக்கு 30 கவுன்சில்களுக்கு விசேட நிதி ஆதரவு என்று அறிவித்தார்கள். ஆதரவு என்றதும் மானியம் என்று நினைத்தவர்களுக்காகச் சொல்கிறேன், அதில் பெரும்பாலும் கிடைப்பது அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கவோ கட்டடத்தை விற்கவோ அனுமதி. வீட்டுச் செலவுக்கு வீட்டுக் கதவைக் கழற்றி விற்கிற கதை.

இவை எல்லாம் ஏன் முன்கூட்டியே தெரியவில்லை? பார்க்க வேண்டிய கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள். கவுன்சில்களின் கணக்கைக் கவனிக்கவென்று கணக்காய்வு ஆணைக்குழு ஒன்று இருந்தது. காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று 2010 இல் அப்போதைய உள்ளூராட்சி மந்திரி எரிக் பிக்கிள்ஸ் அதை ஒழிப்பதாக அறிவித்தார், 2015 இல் மூடினார்கள். வேலை தனியார் கணக்காய்வு நிறுவனங்களுக்குப் போனது. விளைவு, 2022-23 கணக்குகளில் 1 வீதம்தான் உரிய தேதிக்குள் கணக்காய்வு முடிந்து வந்தது. தேங்கிப்போனதைத் தீர்க்க அரசாங்கம் கண்ட வழி, கடைசித் தேதி ஒன்றைக் குறித்து, அதற்குள் பார்த்து முடியாவிட்டால் அபிப்பிராயம் சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடு என்பது. நம் ஊர்க் கோயிலில் ஒரு வருடக் கணக்குக் காட்டாவிட்டால் நிர்வாக சபைக் கூட்டத்தில் கதிரை பறக்கும்!

பராமரிப்பின் தரத்தைப் பார்க்கிற சி.கியூ.சி. யின் நிலையும் இதேதான். 2024 இல் அதை ஆராய்ந்த பெனி டாஷ், அது பரிசோதிக்க அதிகாரமுள்ள இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு இன்னும் தரமதிப்பீடே இல்லை என்று சொன்னார். விசாவிலும் அதே அலட்சியம். 2022 இல் பராமரிப்பு வேலைக்கு விசாவைத் திறந்துவிட்டார்கள், யாழ்ப்பாணத்தில் இருந்தும் தமிழ்நாட்டில் இருந்தும் ஏஜென்டுக்கு லட்சங்கள் கட்டிப் பிள்ளைகள் வந்தார்கள். இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயருக்கு வெளிநாட்டில் இருந்து வேலைக்கு ஆள் எடுப்பதற்கான 275 அனுசரணைச் சான்றிதழ்களை உள்துறை அமைச்சு கொடுத்திருந்தது என்று எல்லைகள் தொடர்பான தலைமைப் பரிசோதகர் டேவிட் நீல் எழுதிய அறிக்கை 2024 இல் வெளிவந்தது. நிறுவனத்தின் அனுமதி ரத்தானால் 60 நாளில் வேறு வேலை தேடு, இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வருவது அந்தப் பிள்ளைகளுக்கு. சான்றிதழ் கொடுத்த அதிகாரிக்கு என்ன வந்தது?

கவுன்சில்களின் பிழையை நான் மறைக்கவில்லை. தரொக் கவுன்சிலில் சூரிய மின்சக்தி முதலீட்டில் நூற்றுக்கணக்கான மில்லியன்களை விட்டது லண்டன் மந்திரி இல்லை, அந்த ஊர் ஆட்கள்தான். ஆனால் ஒன்றிரண்டு கவுன்சில் கவிழ்ந்தால் நிர்வாகப் பிழை, வரிசையாகக் கவிழ்ந்தால் அது மேலே இருந்து வந்த பிழை. பராமரிப்புச் செலவை மத்திய அரசு நேரடியாகத் தன் கணக்கில் எடுக்க வேண்டும், அதற்குப் பெயர் சொல்லி ஒரு மந்திரி பாராளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். அதுவரை கவுன்சில் டாக்ஸைக் கூட்டிக்கொண்டே போவது வெறும் இழுத்தடிப்பு.

அது வருகிறபோது வரட்டும். இப்போதே நாம் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 2014 ஆம் ஆண்டின் உள்ளூர்க் கணக்காய்வுச் சட்டப்படி, ஆண்டுக்கொரு முறை 30 வேலை நாட்களுக்குக் கவுன்சிலின் கணக்குப் புத்தகம், ஒப்பந்தம், பில், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் பார்வையிட நமக்கு உரிமை உண்டு. பிரதியும் கேட்கலாம். ஊழியர்களின் சொந்த விபரம் போன்ற சிலதைத் தரமாட்டார்கள். அந்த இடத்தில் வாக்காளராகப் பதிந்திருந்தால் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கலாம், சட்டவிரோதமான செலவு என்று பட்டால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். தேதியைக் கவுன்சில் தன் இணையத்தளத்தில் போடும், யாரும் பார்க்காத ஒரு மூலையில்.

நம் சமூகத்தில் கணக்காளர்களுக்குப் பஞ்சமா? ஹரோ, பிரென்ட், குரொய்டன், ரெட்பிரிட்ஜ் என்று லண்டனின் ஒவ்வொரு பரோவிலும் (உள்ளூராட்சிப் பிரிவிலும்) இரண்டு பேர் முன்வந்தால் போதும். வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, மணித்தியாலத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், பதினைந்து நிமிட வருகைக்கு எவ்வளவு பில் வந்திருக்கிறது என்று பார்க்கட்டும். உங்கள் பத்திரிகை அந்தந்த பரோவின் தேதிகளைத் தேடி ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் பெரிய உதவி. அவர்கள் கொண்டுவருகிறதையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
வடமேற்கு லண்டன் வாசகர் ஒருவர்