திருஷ் காமினியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். மகளிர் கிரிக்கெட் பற்றி இப்போது நிறைய எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நம் சென்னைப் பெண் திருஷ் காமினியை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

2013-இல் மும்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகச் சதமடித்து, மகளிர் உலகக் கோப்பையில் சதம் கண்ட முதல் இந்தியர் ஆனவர் அவர். அடுத்த ஆண்டே மைசூரு டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192, அதுவும் பூனம் ராவத்துடன் சேர்ந்து இரண்டாவது விக்கெட்டுக்கு 275 ரன்! சரி, அப்புறம் என்ன ஆனது? 2021 வரை இந்திய மகளிருக்கு ஒரு டெஸ்ட் போட்டிகூட இல்லை. 192 அடித்தவருக்கு அதுவே கடைசி டெஸ்ட். எனக்கு இன்றும் ஆறவில்லை.

சேப்பாக்கத்தில் 2024-இல் ஷஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடித்தபோதாவது காமினியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கலாம். இப்போதாவது ஒரு முழுப்பக்கப் பேட்டி போடுங்கள்.

– ஒரு வாசகி, சென்னை