ஊருணிப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து இந்தக் கூட்டத்திலும் அமர்ந்திருக்கும் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊருணியைச் சுற்றி வேலி போட்டதையும் ‘குப்பை கொட்டாதீர்’ என்று பலகை வைத்ததையும் சென்ற ஆண்டு அறிக்கையில் பெருமையாக வாசித்தேன். வேலி இருக்கிறது, பலகையும் இருக்கிறது. ஆனால் சித்திரையில் ஒரு விடியற்காலை, மீன்கள் செத்து வடகரைப் படித்துறையில் ஒதுங்கிக் கிடந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, இருவர் மீது சந்தேகமும் விழுந்தது. அந்த இருவரிடமும் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

யாரும் விஷம் வைக்கவில்லை. மாசியிலிருந்தே நீர் பச்சையாகிக்கொண்டு வந்ததைப் பார்த்தும் சும்மா இருந்தோம். சோப்பு நீரிலும் கழிவறை நீரிலும் இருக்கும் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் பாசிக்கு நல்ல உரம். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். செத்த பாசி அடியில் அழுகும்போது மிச்சமிருப்பதும் செலவாகிவிடும். மீன்கள் நடுப்பகலில் சாகாமல் விடியலில் செத்ததற்கு இதுதான் காரணம்.

சரி, ஊருணிக்குள் சோப்பு எப்படி வந்தது? படித்துறையில் துவைப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் வீடுகளின் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, தரைக்கடியில் ஓடும் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேர்ந்து அங்கே போகிறது. கட்டியவர்கள் அதில் மழையை மட்டும்தான் விட்டார்கள். வீட்டுக்குள் குளியலறை கட்டிய நாம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உடைக்க மனமில்லாமல், கைக்கெட்டிய அந்த வாய்க்காலிலேயே குழாயைச் சேர்த்துவிட்டோம்.

எந்தெந்த வீடு என்று கண்டுபிடிக்கச் சொட்டு நீலம் போதுமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் ஒரு வாளித் தண்ணீரில் நீலம் கலந்து ஊற்றிவிட்டு, வரத்துக்கால் வாயில் காத்திருந்தோம். முதல் நாள் காலையில் முதலில் நீலம் வந்தது என் வீட்டிலிருந்துதான். எதிர்வீட்டு ஆச்சி, “செயலாளர் வீட்டு நீலம் நல்ல அழுத்தமாக இருக்கிறதே” என்றார்கள். இது அறிக்கையில் இருக்கட்டும்.

என் வீட்டு இணைப்பை அந்த வாரமே துண்டித்தேன். மேலும் ஆறு வீட்டார் துண்டித்துவிட்டார்கள். குளியல் நீர் இப்போது கொல்லையில் கல்வாழைக்கும் வாழைக்கும் போகிறது. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீருக்கு உறிஞ்சு குழி தோண்டுகிறவர்கள், கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் தள்ளித் தோண்டவும். தெருவுக்குத் தெரு நீளும் நம் வீடுகளில் தூரத்துக்குப் பஞ்சமில்லை. வரத்துக்கால் வாயில் வண்டல் குழி வெட்டி, ஒரு பலகை அடைப்பும் வைத்திருக்கிறோம். ஐப்பசியில் முதல் மழை தெருவைக் கழுவிக்கொண்டு வரும். அந்த நீரை வெளியே திருப்பிவிட்டு, அடுத்த மழைக்குப் பலகையை எடுக்க வேண்டும். இந்த ஆண்டு ஒரு முறை எடுக்க மறந்துபோய், நல்ல மழை வீணானது. தவறு என்னுடையது.

“ஊருணி நீரை இப்போது யார் குடிக்கிறார்கள்?” என்று போன கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார். ஊருணி நீர் பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது; ஊருணியை ஒட்டிய கிணறு ஒன்றின் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலி கிருமிகூட இருக்கக் கூடாது, அதில் இருந்தது. நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டோம்.

ஊருணியில் பிளீச்சிங் பவுடர் கொட்டலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. கிணற்றுக்கும் தொட்டிக்கும் அளவோடு போட அது சரி. பாசியும் சேறும் நிறைந்த குளத்தில் குளோரின் அவற்றிலேயே தீர்ந்துபோகும். மிஞ்சினால் மீனைக் கொல்லும்.

கல்யாண வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாள் பந்திக்குப் பிறகு அண்டா கழுவிய எண்ணெய்த் தண்ணீர் முழுவதும் வரத்துக்காலில்தான் ஊற்றப்படுகிறது. சமையல்காரர்களைக் கேட்டால், வீட்டுக்காரர்கள் காட்டிய இடம் என்கிறார்கள். நீர்நிலையில் கழிவு விடுவதை 1974 ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், 24 ஆம் பிரிவில் தடை செய்கிறது. பங்காளிகள் மீது புகார் எழுத எனக்குக் கை வராது. அடுத்த செயலாளருக்கு வரக்கூடும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பாக்கி வேலை ஒன்றுதான். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நீலம் ஊற்ற முடியவில்லை. விசேஷத்துக்குத் திறந்தால் அவற்றிலிருந்தும் கழிவு வரும். அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் பலர் இன்று இங்கே இருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் போகும் முன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்