மூணாவது கட்சித் தலைவர்களுக்கு, உங்களுக்கே ஓட்டு போடுற ஒருத்தனோட திறந்த மடல்

மூணாவது கட்சி நடத்துற தலைவர்களுக்கு வணக்கம்.

உங்களுக்குப் போட்டா வீண்தானே, ஓட்டைப் பிரிக்கிறியே, உன்னாலதான் அந்த மோசமான ஆளு ஜெயிக்கப் போறான்னு ரெண்டு பெரிய கட்சிக்காரங்களும் ஒவ்வொரு தேர்தலுக்கும் திட்டுறாங்க, அதையெல்லாம் காதுல வாங்கிட்டுதான் உங்களுக்குக் குத்திட்டு வர்றோம். அவங்களுக்கு நாங்க பதில் சொல்லிக்கிறோம். இந்த மடல் உங்களுக்கு. ஏன்னா அந்த ஓட்டு வீணா போகுதா இல்லையாங்கிறது பாதி உங்க கையிலதான் இருக்கு, நீங்க அதைப் பத்தி யோசிச்ச மாதிரியே தெரியல.

முதல்ல "அடுத்த ஆட்சி நம்மதுதான்"னு மேடையில முழங்குறதை நிறுத்துங்க. தொகுதியில மத்தவங்களை விட ஒரு ஓட்டு அதிகமா வாங்குனவனுக்கே சீட்டுங்கிற முறையில, நாடு முழுக்க சிதறிக் கிடக்குற ஓட்டுக்கு ஒண்ணும் தேறாது. 1992 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல ரெண்டு பெரிய கட்சியிலயும் சேராம நின்ன ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினாரு, எலக்டோரல் ஓட்டு (பெரும்பாலும் மாநிலத்துல ஜெயிச்சவருக்கு மொத்தமா போற, ஜனாதிபதி யாருன்னு தீர்மானிக்கிற ஓட்டு) பூஜ்யம். 1968-ல அதே மாதிரி மூணாவதா நின்ன ஜார்ஜ் வாலஸ் வாங்கினது 13.5 சதவீதம்தான், ஆனா தெற்கு மாநிலங்கள்ல குவிஞ்சு விழுந்ததால 46 எலக்டோரல் ஓட்டு (அவரு நிறவெறி அரசியல் பண்ணவரு, உதாரணத்துக்கு இழுக்கவே கூசுது, கணக்குக்காக மட்டும்தான்). பிரிட்டன்ல 1983-ல லேபர் கட்சி 27.6 சதவீதத்துக்கு 209 சீட்டு, லிபரல்-சோஷியல் டெமாக்ரட் கூட்டணி 25.4 சதவீதத்துக்கு 23 சீட்டு! இது எங்களுக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா என்ன.

அப்புறம் எதுக்கு உங்களுக்குப் போடுறோம்? பெரிய கட்சிக்கு வயித்துல புளியைக் கரைக்கத்தான். இந்த ஓட்டு திரும்ப வேணும்னா இதைச் செஞ்சாகணும்னு அவங்களுக்குத் தெரியணும். 1892-ல அமெரிக்காவுல பாப்புலிஸ்ட் கட்சி 8.5 சதவீதம்தான் வாங்குச்சு, கொஞ்ச வருஷத்துல கட்சியே கரைஞ்சு போச்சு, ஆனா அவங்க கேட்ட வருமான வரியும் செனட்டர்களை ஜனங்களே நேரடியா தேர்ந்தெடுக்குற முறையும் 1913-ல அரசியல் சட்டத்துலயே ஏறிடுச்சு, அதுவும் இவங்களை ஒழிச்ச பெரிய கட்சிகள் கையாலயே. ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறணும்னு கேட்ட யுகிப் கட்சி பிரிட்டன்ல 2015-ல 12.6 சதவீதம் வாங்கி ஜெயிச்சது ஒரே ஒரு சீட்டு. ஆனா அவங்க வளர்றதைப் பார்த்து மிரண்டுதான், வேற காரணமும் இருந்துச்சுதான், பிரதமர் கேமரூன் 2013-லயே யூனியன்ல இருக்கலாமா வேணாமான்னு வாக்கெடுப்பு நடத்துறேன்னு சொன்னாரு, 2016-ல நாடே ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற முடிவெடுத்துச்சு. அது சரியா தப்பாங்கிறது வேற பஞ்சாயத்து. அவங்களுக்கு என்ன வேணும்னு தெருவுல போற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்க, நான் சொல்ல வர்றது அதைத்தான்.

இப்ப உங்க தேர்தல் அறிக்கையை எடுத்துப் பாருங்க. கல்வியில இருந்து கடல் வரைக்கும் எல்லாம் இருக்கு, எதுக்காக பெரிய கட்சி உங்ககிட்ட பேச்சுவார்த்தைக்கு வரணுங்கிறது மட்டும் இல்ல. "ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க"ன்னு சொன்னா கைத்தட்டல் வரும். 2000 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல மூணாவதா நின்ன ரால்ஃப் நேடர் பேச்சுல ஜனங்க மனசுல நின்னது அதுதான், ஃப்ளோரிடாவுல அவருக்கு 97,000-க்கு மேல ஓட்டு, புஷ் ஜெயிச்ச வித்தியாசம் 537. அவருக்குப் போட்டவங்கள்ல எத்தனை பேரு புஷ்கிட்ட தோத்த டெமாக்ரட் வேட்பாளர் கோருக்குப் போட்டிருப்பாங்க, எத்தனை பேரு வீட்டுலயே இருந்திருப்பாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல. டெமாக்ரட்டுங்க அதுல இருந்து கத்துக்கிட்டது அவரு கொள்கையை இல்ல, அவரைத் திட்டுறதுக்குத்தான். அந்த ஓட்டை வீண்னு சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னொண்ணு. இழுபறி தொகுதியில உங்களுக்குப் போடுறதும், யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே தெரிஞ்ச தொகுதியில போடுறதும் ஒண்ணா? முன்னாடியே தெரிஞ்ச தொகுதியில எங்களுக்கு நஷ்டமே இல்ல, தாராளமா கேளுங்க. இழுபறி இடத்துல நின்னா எதுக்கு நிக்கிறீங்கன்னு காரணம் சொல்லுங்க, எங்க வீட்டுல நாங்க பதில் சொல்லியாகணும்ல.

எல்லாத்துக்கும் மேல, ஓட்டு எண்ற முறையை மாத்தச் சொல்லி நீங்க போராடுனதையே நான் பார்க்கல. நியூசிலாந்துல 1981-ல சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல வாங்கி ரெண்டே சீட்டோட உக்காந்துச்சு, அந்த மாதிரி அநியாயம் சேர்ந்து சேர்ந்துதான் 1993 வாக்கெடுப்புல ஜனங்க முறையையே மாத்துனாங்க, 1996-ல இருந்து ஓட்டு விகிதத்துக்குத் தக்க சீட்டு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல 2010-ல 38 சதவீதம் கூட இல்லாம ஒருத்தரு கவர்னரானாரு, 2016-ல ஜனங்க வரிசைப்படுத்தி ஓட்டு போடுற முறைக்கு ஓகே சொல்லிட்டாங்க. ஒண்ணு ரெண்டுன்னு எண் போடலாம், முதல் ஆளு தேறலன்னா அந்த ஓட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும், ஓட்டைப் பிரிக்கிறான்ங்கிற திட்டு அதோட பாதி குறைஞ்சிடும்.

அதனால அடுத்த தடவை ஓட்டு கேட்டு வர்றப்ப அம்பது பக்க அறிக்கை வேணாம். உங்களோட ஒரே ஒரு கோரிக்கை என்ன, எந்தெந்தத் தொகுதியில உங்களுக்கு விழுந்த ஓட்டு, ஜெயிச்சவரோட வித்தியாசத்தை விட அதிகம், அந்தக் கோரிக்கையை பெரிய கட்சி ஏத்துக்கிட்டா அங்க ஒதுங்கிக்குவீங்களா மாட்டீங்களா, இந்த மூணுக்கும் பதில் எழுதிக் கொண்டு வாங்க.

இப்படிக்கு,
உங்களுக்குக் குத்திக்கிட்டிருக்குற ஒரு வாக்காளன்