அடுக்கி வைத்ததை அப்படியே காட்டுங்கள்

அரசுத் துறை இணையதளங்களைக் கட்டமைக்கும் நிரலாளர்களுக்கு,

வணக்கம். நானும் வெப்சைட் செய்து பிழைப்பவள்தான். சென்ற மாதம் அப்பாவின் ஓய்வூதிய வேலையாக ஒரு துறையின் தளத்தில் பழைய அரசாணை ஒன்றைத் தேடினேன். ஒரே பக்கத்தில் நூற்றுக்கணக்கான பிடிஎஃப்கள். ‘ஸ்கேன்0043’, ‘புதியது2’, ‘ஃபைனல்’ என்று பெயர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “விடும்மா, நேர்லயே போய்க் கேட்டுக்கறேன்” என்றார். அவருக்கு வயது 71. அந்த அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஓர் இணைப்பின் மேல் மவுஸை வைத்தபோதுதான் முகவரியைக் கவனித்தேன். முதலில் 2009, அடுத்து ஓய்வூதியம், அதற்குள் குடும்ப ஓய்வூதியம், கடைசியில் கோப்பு. உங்கள் சர்வரில் யாரோ ஒருவர் ஆண்டுவாரியாக, பொருள்வாரியாக அழகாக அடுக்கித்தான் வைத்திருக்கிறார். அதைக் கலைத்துக் கொட்டி எங்களிடம் காட்டுகிறீர்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளைக்கும் அந்தக் கோப்புறை (ஃபோல்டர்) மரத்தையே பக்கத்தில் வையுங்கள். எச்டிஎம்எல்லின் ‘டீடெய்ல்ஸ்’, ‘சம்மரி’ டேக்குகள் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால், தொட்டதும் விரியும், மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும். 2020 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். சர்வர் பக்கம், உள்ளே கோப்புறை தென்பட்டால் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதினால் முடிந்தது.

அதற்காக, கோப்புறையில் இருப்பதையெல்லாம் சர்வரே தானாகப் பட்டியலிடும் டைரக்டரி லிஸ்டிங்கைத் திறந்துவிடாதீர்கள். மறதியாக அங்கே போட்ட பேக்கப்பையும் அது ஊருக்கே காட்டிவிடும். எந்தக் கோப்புறையைப் படிப்பது என்பதையும் முகவரியிலிருந்து வாங்காதீர்கள். விஷமிகள் அதில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு மேல் கோப்புறைக்கு ஏறிவிடுவார்கள்.

கோப்பின் பெயரில் ‘#45’ என்று இருந்தால், # முதல் உள்ளதைப் பக்கத்துக்குள் ஓர் இடம் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும், கோப்பு கிடைக்காது. அதனால் பாதையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே என்கோட் செய்யுங்கள், அதாவது இத்தகைய எழுத்துகளை % போட்ட குறியீடுகளாக மாற்றுங்கள். அப்படிச் செய்தால் ‘க’ என்ற ஓர் எழுத்தே முகவரியில் ஒன்பது குறிகளாக நீளும். நீளட்டும், திரையில் தமிழ்தானே தெரியப்போகிறது? கோப்புகளுக்குத் தயங்காமல் தமிழில் பெயர் வையுங்கள். 1, 10, 2 என்று வராமல் எண் வரிசையில் அடுக்குங்கள். இணைப்பின் பக்கத்திலேயே கோப்பின் அளவும் இருக்கட்டும். செல்போனில் டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

அப்பாவுக்கு வேண்டிய ஆணை 2009-க்குள், குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றாவது கோப்பு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

இப்படிக்கு,
ஓர் ஓய்வூதியரின் மகள்