யாருக்கு ஓட்டு என்று மட்டும் கேட்டால் போதுமா?

மதுரை மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற, மாமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தேர்தல் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொடுதிரை டேப். இந்த முறை யாருக்கு ஓட்டு, போன முறை யாருக்கு, எந்தத் தலைவரைப் பிடிக்கும் என்று வரிசையாகக் கேட்டார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து குடத்தோடு வந்தார். "ஏம்ப்பா, நடுராத்திரி ஒரு மணிக்குத் தண்ணி விடுறாகளே, அதப் பத்திக் கேக்க மாட்டீகளா?"

பையன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அதுக்கு இதுல ஆப்ஷன் இல்லம்மா" என்றான். நல்ல பையன், பாவம், அவனுக்கே சங்கடமாகிவிட்டது. அம்மா மோர் கொடுத்து அனுப்பினார்.

சர்வே எடுக்க உங்களிடம் ஆள் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஜெயிப்போமா என்று பார்க்க அவ்வளவு மெனக்கெடுகிறீர்கள். ஜெயித்த பிறகு, ஒரு முடிவை எடுப்பதற்கு முன்னால், அதே டேப்போடு யாரும் எங்கள் வாசலுக்கு வருவதில்லையே, ஏன்?

மேலூர்ப் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்த ஊரையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் என்ற கனிமத்தை வெட்டி எடுக்க ஏலம் முடிந்துவிட்டது என்ற செய்தி 2024 நவம்பரில் வந்தது. அப்புறம்தான் கிராமசபைத் தீர்மானங்கள், கடையடைப்பு, டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் எல்லாம். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரை நோக்கி நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அந்த ஊர்களில் முதலிலேயே வீடு வீடாகக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா? வேலையை விட்டுவிட்டு, கைப்பிள்ளையோடு அவர்கள் ரோட்டில் நடந்திருக்க வேண்டியதே இல்லை.

கிராமசபை இருக்கிறதே, மாநகராட்சியில் ஏரியா சபை இருக்கிறதே என்பீர்கள். சரி, அவை வேண்டும்தான். ஆனால் அங்கே மைக் பிடிப்பவர் குரல்தான் கேட்கும். எங்கள் அம்மா வாசலில் நின்று பேசுவார், கூட்டத்தில் எழுந்து பேச மாட்டார்.

கேட்பதிலும் முறை இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், பானை நன்றாகக் கிளறியிருந்தால். 1936இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கியது. அந்த வருட அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46இல் ஜெயித்தார். டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் முகவரிகளைத்தான் பெரும்பாலும் பிடித்திருந்தார்கள். வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வைத்துவிட்டு இதுதான் மக்கள் கருத்து என்றால் அதே கதைதான். சீரான முறையில் குலுக்கி எடுத்த ஆயிரம் பேர் போதும், மூன்று சதவீதம் முன்னே பின்னே வரும்.

பூங்கா வேண்டுமா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்போம். இருக்கிற பணத்தில் முதலில் பூங்காவா, சாக்கடையா என்று கேளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கணக்கெடுப்புக்கு விடச் சொல்லவில்லை. 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத அய்யர், அதுவரை உள்ளே விடப்படாத ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அன்றைக்கு ஊரைக் கேட்டிருந்தால் பலர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒருவருடைய உரிமையை மற்றவர்களின் எண்ணிக்கை முடிவு செய்யக் கூடாது. ஆனால் தண்ணீர் எந்த நேரத்தில் விடுவது, சந்தையை எங்கே வைப்பது, எந்த ரோட்டை முதலில் தோண்டுவது? இதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. கேட்ட பிறகு வேறு முடிவு எடுத்தாலும் சரி, ஏன் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஆகவே ஒரு கோரிக்கை. உங்கள் பகுதியில் அடுத்த பெரிய வேலைக்குப் பணம் ஒதுக்கும் முன்பு ஒரு கருத்துக்கணிப்பு நடத்துங்கள். எந்தக் கட்சி, என்ன சாதி என்று அதில் கேட்க வேண்டாம். கேள்விகளையும் வந்த பதில்களையும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவையுங்கள். எங்கள் தெருவுக்கு வருவதாக இருந்தால் சாயங்காலமாக வாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்திருப்பதால் அம்மா பகலில் கொஞ்சம் தூங்குவார்.

அன்புடன்,
செல்லூர்வாசி ஒருவன்