வம்சாவளி ஆய்வுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஆதாரம் எழுதப்படாத பெயர் எதுவும் சங்கத்தின் பொதுக் குடும்ப மரத்தில் இனி இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றை ஓராண்டுக்குள் சரிபார்த்து, சான்று கிடைக்காதவற்றைத் தனிப் பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும். கைதட்டி நிறைவேற்றினோம். வேலையில் இறங்கிய பிறகுதான் பலருக்கு வலித்தது. இந்த ஆண்டு நாம் சேர்த்த பெயர்களைவிட நீக்கிய பெயர்களே அதிகம். அதைச் சாதனைக் கணக்கில் எழுதும் முதல் செயலாளர் அநேகமாக நான்தான்.

நீக்கியவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் வேறொருவர் போட்டிருந்த மரத்திலிருந்து அப்படியே எடுத்தவை. அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தேடிப் போனால் இன்னொருவர். அவரைக் கேட்டால், நம் உறுப்பினர் ஒருவரே பல ஆண்டுகளுக்கு முன் ஏற்றி வைத்த மரத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்! அரச வம்சம் வரை போன ஒரு கொடிவழி இப்படித்தான் ஐந்தாம் தலைமுறையோடு நின்றது. இன்னொரு மரத்தில் தாய் இறந்து மூன்று ஆண்டு கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, முதல் மனைவி இறந்த பின் அதே பெயருள்ள இன்னொரு பெண்ணைத் தந்தை மணந்திருப்பது தெரிந்தது. ஒருவராக இருந்தவர் இருவரானார். நீக்கும் வேலையில் கிடைத்த சில நல்ல சேர்க்கைகளில் இது ஒன்று.

எது ஆதாரம் என்பதில் நிறைய வாக்குவாதம் நடந்தது. இறப்புச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்டார்கள். இறந்த தேதிக்கு அது நல்ல சான்றுதான். ஆனால் பிறந்த தேதியைச் சொன்னவர் பெரும்பாலும் மகனோ மருமகளோ. அவர்கள் அந்தப் பிறப்பின்போது அங்கே இருந்தவர்கள் அல்லர். ஒரே தாளில் ஒரு வரி வலுவாகவும் அடுத்த வரி பலவீனமாகவும் இருக்கலாம். இதை ஏற்றுக்கொள்ள மனமில்லாமல் ஓரிருவர் சங்கத்தை விட்டு விலகினார்கள். வருத்தம்தான், ஆனாலும் தீர்மானத்தைத் தளர்த்துவதற்கு அது காரணமாகாது என்று செயற்குழு முடிவு செய்தது.

மாதக் கூட்டங்களில் அதிகக் கூட்டம் சேர்ந்தது டிஎன்ஏ பரிசோதனை பற்றிய அமர்வுக்கு. வந்தவர்களில் பலர், எச்சிலை அனுப்பினால் கொடிவழி எழுதி வந்துவிடும் என்ற நினைப்பில் இருந்தார்கள். ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குள் பொதுவாக இருப்பது சராசரியாக 12.5 சதவீத டிஎன்ஏ. தலைமுறை தள்ளத் தள்ள அது வேகமாகக் குறையும். ஐந்து தலைமுறைக்கு முன் ஒரே தம்பதியரிடமிருந்து பிரிந்த இருவருக்குள், பரிசோதனையில் தெரியும் அளவுக்குப் பொதுவான டிஎன்ஏ துண்டு ஒன்றுகூட இல்லாமல் போவதற்கு ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆக, பொருத்தம் வரவில்லை என்பதால் உறவில்லை என்று சொல்லிவிட முடியாது. பொருத்தம் வந்தாலும், அது எந்த வழி உறவு என்று சொல்ல மறுபடி பதிவேட்டுக்குத்தான் வர வேண்டும்.

அதே அமர்வில் இன்னொரு விஷயமும் பேசினோம். டிஎன்ஏ பரிசோதனை செய்யும் 23ஆண்ட்மீ நிறுவனத்தில் 2023ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியபோது, வாடிக்கையாளர் கொடுத்த மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. ஒருவர் தன் மாதிரியைக் கொடுத்தால் அண்ணன், தங்கை, இனி பிறக்கப்போகும் பேரப்பிள்ளை எல்லோருடைய தகவலிலும் ஒரு பங்கு வெளியே போகிறது. அதனால் உறுப்பினர்களின் மரபணுக் கோப்புகளைச் சங்கத்தின் கணினியில் வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். எதிர்பாராத உறவு வெளிவந்தால் அதை யாருக்குச் சொல்வது என்பதற்கும் ஒரு நடைமுறை வகுத்திருக்கிறோம். உயிரோடு இருப்பவரைத் தொடும் செய்தி எதுவானாலும் முதலில் அவருக்கு மட்டும், அதுவும் அவர் கேட்டால் மட்டும். இந்த ஆண்டு அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

நாட்காட்டிகள் பற்றிய பேச்சு சிறியது, ஆனால் அதனால் பல தவறான நீக்கங்கள் தவிர்க்கப்பட்டன. இங்கிலாந்தில் 1751 வரை மார்ச் 25தான் ஆண்டின் முதல் நாள். ஒரு தம்பதிக்கு 1740 மே மாதம் திருமணம், 1740 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அந்தக் காலப் பதிவேட்டில் இருந்தால் அவசரப்பட்டு எதையும் நினைக்க வேண்டாம். அந்தப் பிப்ரவரி மே மாதத்துக்கு அப்புறம் வந்தது. நம் கணக்கில் அது 1741. பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு இன்றைய கிரகோரியன் நாட்காட்டிக்கு அங்கே மாறிய 1752ல் செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 ஆனது. ரஷ்யா 1918லும் கிரீஸ் 1923லும்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. தேதியைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதிவிட்டு, நம் கணக்கை அடைப்புக்குறிக்குள் போடுவது என்பது இனி சங்க வழக்கம்.

தேடியும் கிடைக்காத பதிவுகளைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தினோம். அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போனது. 1922ல் டப்ளினில் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அயர்லாந்தின் பொதுப் பதிவேட்டு அலுவலகம் எரிந்தது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942 டிசம்பரில் எரிந்தன. போர்க்காலம்தான் என்றாலும் குண்டுவீச்சு காரணமில்லை. 1941ல் அங்கே கணக்கெடுப்பே நடக்கவில்லை. அழிந்துபோன பதிவு என்று உறுதியாகத் தெரிந்தால் தேடலை அங்கே நிறுத்திக்கொண்டு வேறு வழி பார்க்கலாம். அயர்லாந்தில் அதைத்தான் செய்தார்கள். வேறு காப்பகங்களில் தப்பியிருந்த படிகளைத் திரட்டி, எரிந்து நூறு ஆண்டானபோது 2022ல் இணையத்தில் ஒரு மெய்நிகர் காப்பகத்தைத் திறந்தார்கள்.

கல்லறைக் கற்களைப் படியெடுக்கும் பணி மழையால் இரண்டு முறை தள்ளிப்போய், பிறகு நன்றாகவே நடந்தது. எழுத்து தெளிய வேண்டும் என்று சாக்குக்கட்டியோ சவர நுரையோ பூசுவதையும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதையும் தடை செய்திருக்கிறோம். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாலே மங்கிய எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். கற்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொண்டோம், ஏனென்றால் பக்கத்தில் கிடப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகத்தான் இருக்கிறார்.

பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் குழு வேகம் பிடித்திருக்கிறது. எந்த ஆண்டு என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குபவர், பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் நிறுத்தாமல் பேசுகிறார். அக்காவும் தம்பியும் ஒரே சம்பவத்தை வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்கிறோம். எது உண்மை என்று அவர்கள் முன்னால் தீர்ப்புச் சொல்வதில்லை. படங்களின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதவும், பேனா வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. செய்துவிட்டால் பிரிக்க முடியாது.

இளையோர் நாளில் மூதாதையர் எண்முறையைக் கற்றுக்கொடுத்தோம். நாம் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. முப்பது தலைமுறை பின்னால் போனால் 107 கோடிக்கு மேல் இடங்கள் வருகின்றன, ஆனால் அந்தக் காலத்தில் உலகில் அத்தனை பேரே இல்லையே என்று ஒரு சிறுமி கேட்டாள். ஒரே மூதாதையர் பல இடங்களில் வருவார் என்ற பதிலை அவள் தானே கண்டுபிடித்ததுதான் அன்றைய சிறப்பு.

மென்பொருள் மாற்றம் பாதியில் நிற்கிறது. குடும்ப மரங்களைப் பரிமாறிக்கொள்ளும் கெட்காம் கோப்புமுறை 1984ல் வந்தது. 2021ல் வெளியான 7.0 பதிப்பில் படங்களையும் சேர்த்தே அனுப்பலாம் என்றாலும், பல மென்பொருள்கள் இன்னும் 5.5.1 பதிப்பில்தான் இருக்கின்றன. மாற்றும்போது முதலில் காணாமல் போவது ஆதாரக் குறிப்பு என்பதால் அவசரப்படவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். அவருடைய வீட்டில் பெட்டி பெட்டியாகக் காகிதம். பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. பழைய காகிதத்தோடு தள்ளிவிடப் பார்த்தார்கள். சங்கத்து நண்பர் தற்செயலாகப் போனதால் தப்பியது. பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு தாளின் மூலையிலும் எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், என்றைக்குப் பார்த்தார் என்று பென்சிலில் எழுதியிருந்தார். எதிலும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்துகொண்டிருக்கிறார். நம் தீர்மானத்துக்கு முன்பே அவர் அதைக் கடைப்பிடித்தவர்.

அதையொட்டி ஒரு படிவம் அச்சிட்டிருக்கிறோம். உங்கள் ஆய்வுத் தாள்களும் கணினிக் கோப்புகளும் உங்களுக்குப் பின் யாரிடம் போக வேண்டும் என்று எழுதி, வீட்டில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கித் தரவும். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. சான்று கிடைக்காத பெயர்களின் தனிப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. யாரிடமாவது ஆதாரம் இருந்தால் அந்த வரிக்கு எதிரே குறியுங்கள். செயலாளர் பதவிக்கு இதுவரை ஒரு மனுவும் வரவில்லை. கூட்டம் முடிவதற்குள் யாராவது பெயர் கொடுத்தால் பதிவேடுகளையும் அலமாரிச் சாவியையும் இன்றைக்கே ஒப்படைத்துவிடத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்